பிள்ளைகளுக்கு எதைக் கையளிக்கிறோம்: ஒக்டோபர் நாட்குறிப்பு

2025 ஒக்டோபர் 2, வியாழன்

விசயதசமி. சின்னவனுக்கு இன்று ஏடு தொடக்கினோம். ஐயர் அவனை மடியில் இருத்தி, தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவித்தபோது, அவன் அரிசியை அள்ளி வாயில் போடுவதிலேயே குறியாக இருந்தான். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சரசுவதி யார் என்று தெரியாது. ஆனால் விடிய எழும்பி எல்லோரும் தோய்ந்ததையும், தமக்கை சகலகலாவல்லிமாலை பாடியதையும், புத்தகங்களுக்குப் பூ வைத்திருந்ததையும் அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். சமயம் முதலில் இந்த வழியாகத்தான் பிள்ளைக்குள் இறங்குகிறது என்று நம்புகிறேன். விளக்கம் கேட்கும் வயது வருவதற்கு முன்பே வீட்டின் வழமை அவனுக்குப் பழகிவிடும். அதனாலேயே அந்த வழமையில் எவை எவை கலந்திருக்கின்றன என்று பெற்றோர் கவனிக்க வேண்டியிருக்கிறது.

2025 ஒக்டோபர் 10, வெள்ளி

மகள் சைவநெறிப் பாடம் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: “சிவபெருமான் எல்லா இடத்திலும் இருக்கிறார் எண்டால், நல்லூர்க் கோயிலிலை மட்டும் அப்பா ஏன் சேட்டைக் கழட்ட வேணும்?”

மேலாடை களைவது பணிவின் அடையாளம் என்று நம் முன்னோர் கருதினார்கள், அந்த வழமையை நாமும் காக்கிறோம் என்றேன். இதற்கு மேல் எனக்குத் தெரியாததைக் கற்பித்துச் சொல்ல நான் விரும்பவில்லை. விபூதி தலையில் கோத்த நீரை உறிஞ்சும், கோயில் மணியோசை மூளையைத் தூண்டும் என்றெல்லாம் இக்காலத்தில் சொல்லித் திரிகிறார்கள். விஞ்ஞானம் படிக்கப்போகும் பிள்ளை ஒருநாள் அவற்றைப் பொய்யென்று கண்டுபிடிக்கும்போது, அவற்றோடு சேர்த்து விபூதியையும் உதறிவிடக்கூடும். பணிவு, நன்றி, வழிவழி வந்த பழக்கம் என்ற உண்மையான காரணங்களே எனக்குப் போதுமானவை.

ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய நாளை நினைத்துக்கொள்கிறேன். அமெரிக்க மிசன் 1816இலேயே யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டது. ஆங்கிலத்துக்கும் உத்தியோகத்துக்குமாகச் சைவப் பெற்றோர் பிள்ளைகளை மிசன் பாடசாலைகளுக்கு அனுப்பினார்கள். பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த நாவலர், கேள்வியும் மறுமொழியுமாகச் சமயம் கற்பிக்கும் முறையின் வலிமையை அருகிலிருந்து அறிந்தவர். அந்த முறையிலேயே சைவ வினாவிடையை எழுதினார். அவர் அன்று அதைச் செய்திராவிட்டால் இன்று என் மகளின் கையில் இந்தப் பாடம் இருந்திருக்குமோ தெரியாது. எனினும் வினாவிடையில் வினாவையும் பெரியவர்களே எழுதுகிறார்கள். பிள்ளை தானாகக் கேட்கும் கேள்விக்கு வீட்டில்தான் இடம் இருக்க வேண்டும்.

2025 ஒக்டோபர் 14, செவ்வாய்

இன்று எழுதுவது கடினம். தேங்காய் பிடுங்க வழமையாக வருபவர் வந்திருந்தார். அவர் வேலை முடித்ததும் அம்மா, குசினி யன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் விளிம்பு நெளிந்த தகரப் பேணியை எடுத்து அதில் தேத்தண்ணீர் ஊற்றினார். மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

“ஏன் அம்மம்மா, அவருக்கு மட்டும் அந்தப் பேணி?”

“அது அந்தக் காலத்திலை இருந்தே அப்பிடித்தான், பிள்ளை.”

நான் பேணியை வாங்கி வைத்துவிட்டு, நாங்கள் குடிக்கும் கிளாசில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாவின் முகம் கறுத்துப்போயிற்று. இரவு பிள்ளைகள் படுத்த பிறகு அதைப் பற்றிக் கதைத்தோம்.

என் அம்மா நல்லவர். பொய் சொல்லமாட்டார், வெள்ளிக்கிழமைகளில் மச்சச் சட்டியை அடுப்படிக்கே கொண்டுவரமாட்டார், விளக்கு வைத்துத் தேவாரம் பாடாத மாலை அவருக்கு இல்லை. எனக்குச் சைவம் தந்தவர் அவர்தான், அந்தப் பேணியைத் தந்தவரும் அவர்தான். சாதியைக் காரணம் காட்டிக் கோயிலிலும் தேநீர்க்கடையிலும் ஒருவரைத் தடுப்பதைச் சட்டம் 1957இலேயே குற்றமாக்கியது. அதன் பிறகும், அம்மா சிறுமியாக இருந்த 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் வழிபட வந்த மக்களை மறித்து நின்றார்கள். மறித்தவர்களும் விபூதி பூசியவர்கள், திருமுறை கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்கும் யாரோ தாய் தகப்பன் சிறுவயதில் இரண்டையும் சேர்த்தே ஊட்டியிருப்பார்கள்.

அம்மாவிடம் அப்பர் தேவாரத்தை நினைவூட்டினேன். புலையரே ஆனாலும் கங்கையைச் சடையில் கரந்தவருக்கு அன்பரானால் அவரே நாம் வணங்கும் கடவுள் என்று அப்பர் பாடியிருக்கிறார். அம்மாவுக்கு அது மனப்பாடம். “பாட்டு வேறை, பழக்கம் வேறை” என்றார்.

இதைத்தான் என் பிள்ளைகளுக்குக் கையளிக்க மாட்டேன். சாதியால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட திருநாளைப்போவாரின் (நந்தனாரின்) கதையைப் புத்தகத்தில் படித்து உருகிய பிள்ளை, வீட்டுக்குள்ளே அதே விலக்கைக் கண்டும் பேசாமல் இருக்கப் பழகினால், சமயம் படிப்புக்கு, பழக்கம் வாழ்க்கைக்கு என்று பிரித்து வைத்துக்கொள்ளவே கற்றுக்கொள்வாள்.

2025 ஒக்டோபர் 22, புதன்

கந்தசட்டி தொடங்கிவிட்டது. மகள் தானும் விரதம் பிடிக்கப் போவதாகச் சொன்னாள். ஒன்பது வயதுப் பிள்ளை ஆறு நாளும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மச்சம் தவிர்த்து, பின்னேரம் கோயிலுக்கு வந்தால் போதும் என்று முடிவுசெய்தோம். “விரதத்தை முறிச்சால் சாமி கண்ணைக் குத்தும்” என்று யாரும் அவளுக்குச் சொல்லக் கூடாது என்பதில் நானும் கணவரும் ஒருமித்து நிற்கிறோம். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 14ஆம் உறுப்புரை, பிள்ளைக்கும் சமயச் சுதந்திரம் உண்டு என்றும், வளர்ந்துவரும் அதன் ஆற்றலுக்கு ஏற்பப் பெற்றோர் வழிகாட்டலாம் என்றும் சொல்கிறது. பயமுறுத்திப் பிடிக்கச் செய்யும் விரதத்தை நான் வழிகாட்டல் என்று கொள்ளமாட்டேன்.

2025 ஒக்டோபர் 27, திங்கள்

சூரன் போர். சனநெருக்கத்தில் மகளை அவளுடைய அப்பா தோளில் ஏற்றிக்கொண்டார். சூரனின் தலைகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருக்க, “முருகன் ஏன் சூரனைக் கொல்லாமல் மயிலாயும் சேவலாயும் ஆக்கினவர்?” என்று கேட்டாள். அம்மாதான் மறுமொழி சொன்னார்: “கெட்டவனையும் தன்னோடை வைச்சிருக்கத்தான், பிள்ளை. ஒருத்தரையும் தள்ளிவிடுறேல்லை.” அதைச் சொன்ன குரலில் முழு நம்பிக்கை இருந்தது. கந்தபுராணப் படிப்புக் கேட்டு வளர்ந்தவருக்கு இந்தக் கருணையை யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

நாளைக்கு விரதம் முடிக்கும் பாறணை. தேங்காய் பிடுங்குபவரின் குடும்பத்தையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பந்தியில் வாழையிலை போடுவது என்று அம்மாவிடம் இன்றிரவே சொல்லிவிட்டேன். அவர் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. மகள் இலை நறுக்கி வைத்துவிட்டாள்.