ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் ஸ்கோப் ஒருவழியாக நகராமல் நின்றது

மூன்று வாரமாக இதே பாடுதான். பத்து மீட்டரில் முதல் ஐந்து பெல்லட்டும் (ஏர் ரைஃபிளின் சின்னக் குண்டு) ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழும். நாற்பது ஐம்பது சுட்டதும் எல்லாமே சேர்ந்து வேறு இடத்துக்குப் போய்விடும். ஸ்கோப்பின் குறி திருத்தும் திருகைத் திருப்பிச் சரிசெய்தால் மறுநாளும் அதே கதை.

ஸ்கோப்பில்தான், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியில்தான், கோளாறு என்று நினைத்தேன். மாற்றுவதற்கு முன், ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் மவுண்டின் பின்விளிம்பை ஒட்டி, அது கவ்வியிருக்கும் ரெயிலில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு முப்பது சுட்டேன். கோடு மவுண்டுக்கு அடியில் போயிருந்தது. அதாவது ஸ்கோப் மவுண்டோடு சேர்ந்து பின்னால் ஊர்ந்திருக்கிறது.

ஸ்பிரிங் துப்பாக்கியின் உதைப்பு இரண்டு பக்கமும் உண்டு. ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளும்போது துப்பாக்கி பின்னால் வரும். பிஸ்டன் குழாயின் முனையில் போய் நின்றதும் துப்பாக்கி சட்டென்று முன்னால் வெட்டி இழுக்கும். அந்த இழுப்பில் ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். மவுண்டின் பிடி தளர்வாக இருந்தால் ஒவ்வொரு சுடுதலுக்கும் கொஞ்சம் பின்னால் நகரும். பெரிய துப்பாக்கிக்குச் செய்த நல்ல ஸ்கோப்கூட இந்த முன்னிழுப்பில் கெட்டுப்போவதுண்டு. ஏர் ரைஃபிளுக்கென்று சொல்லி வாங்குவதே நல்லது.

சரி, எல்லாவற்றையும் கழற்றினேன். 11 மி.மீ. ரெயிலின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து ரெயில், அதைக் கவ்வும் மவுண்ட் தாடை, ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கின் உள்பக்கம் எல்லாம் துடைத்தேன். முக்கியமானது அடுத்தது: பின் மவுண்டில் ஒரு சின்ன நிறுத்து முள் உண்டு. ரெயிலில் உள்ள துளைக்குள் அது இறங்கி நிற்க வேண்டும். என்னுடையதில் அது உள்ளேயே திருகிக் கிடந்தது. அதை இறக்கித் துளையின் பின்சுவரில் முட்ட வைத்த பிறகே தாடையை இறுக்கினேன்.

அப்புறம் ஸ்கோப்பை ரிங்கில் வைத்து, கண்ணை மூடிக் கன்னத்தை வழக்கம்போல் கட்டையில் சாய்த்து, கண்ணைத் திறந்தேன். ஓரத்தில் கறுப்பு வளையம் இல்லாமல் படம் முழுதாகத் தெரியும்வரை முன்னும் பின்னும் தள்ளினேன். துப்பாக்கியை ரசமட்டம் வைத்து நேராக்கி, எதிர்ச் சுவரில் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கோடுகளில் செங்குத்தாக நிற்கும் கோட்டை அந்த நூலோடு பொருத்தினேன். ரிங் திருகுகளை மாற்றி மாற்றி, ஒரு தடவைக்குக் கால் சுற்றாக, இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி இறுக்கினேன். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் குறடு 1.8 நியூட்டன் மீட்டரில் நின்றது. இந்தக் குறடு இல்லாதவர்கள் அலென் கீயின் நீண்ட பக்கத்தைத் திருகில் செருகி, குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருகலாம். ஸ்கோப் குழாயை நசுக்கும் அளவுக்கு விசை வராது.

கடைசியாகத் திருகுத் தலைகளிலும் மவுண்ட் ரெயிலைத் தொடும் இடத்திலும் நெயில் பாலிஷால் கோடு போட்டேன்; ஏதாவது நகர்ந்தால் கோடு விரிசல் விட்டுக் காட்டிக்கொடுக்கும்.

பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பழந்துணி அடைத்த பெட்டிக்கு முன் தாளை வைத்துச் சுட்டேன். எட்டு மில்லிமீட்டர் இடதுபக்கம் விழுந்தது. கால் நிமிட ஸ்கோப்பில் (ஒரு கிளிக்குக்குக் குறி கால் கோண நிமிடம், அதாவது டிகிரியில் 240-இல் ஒரு பங்கு நகரும்) பத்து மீட்டருக்கு ஒரு கிளிக் 0.7 மி.மீ. சொச்சம். பதினொரு கிளிக் திருப்பினேன், நடுவுக்கு வந்தது.

நேற்றோடு இருநூறு பெல்லட் ஆகிறது. நெயில் பாலிஷ் கோடு எங்கும் விரிசல் விடவில்லை. அடுத்த வாரம் 25 மீட்டரில் வைத்துப் பார்க்கிறேன்.