விசிட்டுகளுக்கு நடுவே ஒளிந்திருந்த ஏஎல்டி

ஒரு மருந்து ஆய்வின் லேப் ரிசல்ட்டுகளைக் காலவரிசையில் படமாகப் போட்டுத் தர வேண்டும், வேலை அவ்வளவுதான். ஒரு வாரம் போதும் என்று வாயை விட்டுவிட்டேன். முடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மாதத்தில் எங்கெங்கே தடுக்கி விழுந்தேன் என்று எழுதி வைக்கிறேன், இதே வேலை கையில் வந்து சேரும் யாருக்காவது உதவும்.

நூற்றுச்சொச்சம் பேர், 24 வாரம், யாருக்கு எந்த மருந்து என்று தெரியாத இரட்டை மறைப்பு ஆய்வு. முதல் டோஸுக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை, அதுதான் பேஸ்லைன். அப்புறம் 2, 4, 8, 12, 16, 20, 24 ஆகிய வாரங்களில் ஒவ்வொன்று. ஒவ்வொரு தடவையும் முப்பதுக்கும் மேற்பட்ட டெஸ்டுகள். ஒரு ஆளுக்கு ஒரு நாளில் ஒரு டெஸ்டுக்கு ஒரு வரி என்று டேபிள் நீளமாகப் போகும். டேட்டா, மருந்து ஆய்வுகளுக்கான சிடிஸ்க் தரத்தில் இருந்தது, அதாவது மூல அளவுகள் எல்பி என்ற டேபிளில், பகுப்பாய்வுக்குத் தயார் செய்தது ஏடிஎல்பியில். நான் எடுத்துக்கொண்டது ஏடிஎல்பி, வரைந்தது ஆர் என்ற நிரல் மொழியில், ஜிஜிபிளாட் என்ற படம் வரையும் தொகுப்பை வைத்து. மருந்து கல்லீரலைப் பாதிக்கிறதா என்பதுதான் முக்கியக் கேள்வி என்பதால் கல்லீரல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் நொதியான ஏஎல்டியிலிருந்து ஆரம்பித்தேன்.

முதல் படத்தைச் சொல்லவே வெட்கம். ஒவ்வொரு ஆளுக்கும் தனிக் கோடு என்று சொல்ல மறந்துவிட்டேன், ஜிஜிபிளாட் பாட்டுக்கு எல்லாரையும் ஒரே கோட்டில் கோத்துவிட்டது, பார்த்தால் நிலநடுக்கமானி கிறுக்கிய தாள் மாதிரி இருந்தது. அதைச் சரி செய்ததும் நூற்றுச்சொச்சம் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று நூடுல்ஸாகக் கிடந்தன. போதாததற்கு விசிட் பெயர்கள் எழுத்து வரிசையில் அடுக்கப்பட்டதால் 12ஆம் வாரம், 16ஆம் வாரம் எல்லாம் முடிந்த பிறகுதான் 2ஆம் வாரம் வந்தது. விசிட் எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் சரியாகிவிடும், ஆனால் அது கண்ணில் படுவதற்குள் அரை நாள் போய்விட்டது.

நூடுல்ஸ் வேண்டாம் என்று சராசரிக்குப் போனேன். ஒவ்வொரு விசிட்டிலும் சராசரி ஏஎல்டி, மேலும் கீழும் பிழைக் கோடு. நாலைந்து பேரின் அளவு மிக உயரமாக இருந்ததால் மற்றவர்கள் எல்லாம் அடியில் நசுங்கித் தெரிந்தார்கள், ஆகவே அச்சை 150இல் நிறுத்தினேன். படம் அழகாக வந்தது. பெருமையோடு, நோயாளிகளின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் மெடிக்கல் மானிட்டருக்கு அனுப்பினேன்.

அவர் அனுபவமுள்ள மருத்துவர், அதிகம் பேசமாட்டார். ஒரு பேஷன்ட் எண்ணைக் குறிப்பிட்டு ஒரே வரிதான் எழுதியிருந்தார்: "இவருக்கு ஏஎல்டி எட்டு மடங்கு போச்சே, அது உங்க படத்துல எங்க இருக்கு?"

தேடினேன், இல்லை. அந்த ஆளை மட்டும் தனியாக வரைந்து பார்த்தேன். 8ஆம் வாரம் 118, 12ஆம் வாரம் 74. கொஞ்சம் ஏறி இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மருத்துவர் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு சொல்கிறார் என்றே முடிவு செய்து, நல்ல வேளையாக, அப்படிப் பதில் எழுதுவதற்கு முன்னால் மூல டேபிளான எல்பியைத் திறந்தேன். 67ஆம் நாளில் ஒரு வரி இருந்தது. ஏஎல்டி 320, இயல்பு அளவின் மேல் வரம்பு 40. விசிட் பெயர் 'அன்ஷெட்யூல்ட்'.

விஷயம் இதுதான். அட்டவணைப்படியான விசிட்டில் ஏஎல்டி கூடியிருந்தால் மருத்துவர் அடுத்த விசிட் வரை காத்திருக்கமாட்டார். கல்லீரல் பாதிப்பு பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலே 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறது. அப்புறம் அளவு இறங்கும்வரை அடிக்கடி எடுப்பார்கள். அந்த டெஸ்டுகள் எல்லாம் அன்ஷெட்யூல்ட் என்ற பெயரில்தான் பதிவாகும். நானோ ஒரு விசிட்டுக்கு ஒரு வரி என்று குறியிட்டிருந்த வரிகளை மட்டும் வடிகட்டி எடுத்திருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், யாருக்கெல்லாம் பிரச்சினையோ அவர்களுடைய உச்ச அளவுகளைத் தேடிப் பிடித்து நீக்கியிருக்கிறேன். அந்த வடிகட்டல் அட்டவணைகளுக்குச் சரியானதுதான், படத்துக்கும் அதையே போட்டதுதான் என் தப்பு.

சரி, அந்த வரிகளையும் சேர்த்து மறுபடி ஓட்டினேன். அப்போதும் 320 இல்லை! ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் அந்த 150 ஞாபகம் வந்தது. ஜிஜிபிளாட்டில் அச்சின் எல்லையை ஸ்கேல் வழியாகக் கொடுத்தால், எல்லைக்கு வெளியே இருக்கிற அளவுகள் வெறுமனே மறைவதில்லை, கணக்கிலிருந்தே போய்விடுகின்றன, அதன் பிறகுதான் சராசரி எடுக்கப்படுகிறது. ஆக நான் அனுப்பிய அழகான சராசரிக் கோடே பொய். இத்தனை வரிகளை நீக்கிவிட்டேன் என்று ஒவ்வொரு தடவையும் அது எச்சரிக்கை போட்டுக்கொண்டுதான் இருந்தது, நான்தான் கண்டுகொள்ளவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க மட்டும்தான் வேண்டும் என்றால் கோஆர்ட் கார்டீசியன் என்ற வேறொரு வழி இருக்கிறது, அது டேட்டாவைத் தொடாது.

அதற்குப் பிறகு விசிட்டைக் கிடைமட்ட அச்சிலிருந்து எடுத்தேன். அன்ஷெட்யூல்ட் என்ற பெயருக்கு அச்சில் இடமே கிடையாது, நாளுக்கு உண்டு. ஆய்வு நாள் கணக்கிடுவதில் ஒரு சின்னக் குசும்பு இருக்கிறது: முதல் டோஸ் கொடுத்த நாள் 1, அதற்கு முந்தின நாள் -1, பூஜ்யம் என்று ஒரு நாளே இல்லை. தேதியைத் தேதியிலிருந்து கழித்துவிட்டு நான் 66 என்று காட்டியதை மருத்துவர் உடனே பிடித்துவிட்டார், அவருடைய அறிக்கையில் 67. ஒரு நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும், ஆனால் படமும் அறிக்கையும் ஒத்துப்போகவில்லை என்றால் அப்புறம் படத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்தது அலகு. அவசரத்துக்கு எடுக்கிற அன்ஷெட்யூல்ட் ரத்தம் பெரும்பாலும் ஆய்வின் சென்ட்ரல் லேபுக்குப் போவதில்லை, பக்கத்தில் இருக்கிற லோக்கல் லேபுக்குப் போகும். அதனால் நான் புதிதாகச் சேர்த்த வரிகளோடு புதிய தொல்லையும் சேர்ந்து வந்தது. கல்லீரல் வெளியேற்றும் நிறமியான பிலிருபினை வரைந்தபோது ஒருவருக்கு 19இல் போய்க்கொண்டிருந்த கோடு திடீரென்று 1.1க்கு விழுந்து, அடுத்த வாரமே 18க்கு ஏறியது. சென்ட்ரல் லேப் தருவது லிட்டருக்கு மைக்ரோமோல், லோக்கல் லேப் தந்தது டெசிலிட்டருக்கு மில்லிகிராம், லோக்கல் டேட்டாவை உள்ளே கொண்டுவந்தபோது 17.1ஆல் பெருக்க யாரோ விட்டுவிட்டார்கள். 1.1ஐப் பெருக்கினால் 18.8, கோடு நேராகிவிட்டது. கிரியேட்டினினுக்கு அதே வேலை 88.4, குளுக்கோஸை மட்டும் சுமார் 18ஆல் வகுக்க வேண்டும். டேபிளில் இந்த 1.1ஐ நான் எத்தனை தடவை தாண்டிப் போயிருப்பேன் என்று தெரியாது, ஏனென்றால் 1.1 என்பது பார்ப்பதற்கு நல்ல பிலிருபின்தான்.

அலகைச் சரி செய்தாலும் ஒவ்வொரு லேபுக்கும் மேல் வரம்பு வேறு, ஒரே லேபிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறாக இருக்கலாம். ஒரு லேபில் 40, இன்னொன்றில் 55 என்றால் இரண்டையும் ஒரே அச்சில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஆகவே ஒவ்வொரு அளவையும் அந்த வரிக்கே உரிய மேல் வரம்பால் வகுத்து, எத்தனை மடங்கு என்று போட்டேன். செங்குத்து அச்சை மடக்கை அளவில் வைத்து 1, 2, 3, 5, 10, 20 என்று குறிகள். மடக்கை அளவில் அரையிலிருந்து ஒன்றும், பத்திலிருந்து இருபதும் ஒரே உயரம்தான், அதனால் எட்டு மடங்கு போனவருக்காக மற்றவர்களை நசுக்க வேண்டியதில்லை. 150இல் வெட்டிய பாவத்துக்கும் தேவை இருந்திருக்காது.

ஆனால் பேஸ்லைனிலேயே ஏஎல்டி இரண்டரை மடங்கு இருக்கிறவரை என்ன செய்வது? அவர் 3ஐத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. பாதக விளைவுகளுக்குத் தரம் போடும் சிடிசிஏஇயின் 2017இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதைக் கவனிக்கிறது: பேஸ்லைன் இயல்பாக இருந்தால் மேல் வரம்பின் மடங்கு, இல்லாவிட்டால் பேஸ்லைனின் மடங்கு. அதைப் பார்த்து, பேஸ்லைன் அளவில் ஒவ்வொருவருக்கும் மெல்லிய புள்ளிக்கோடு ஒன்றையும் சேர்த்தேன்.

அழற்சியைக் காட்டும் சிஆர்பி போன்ற டெஸ்டுகளில் இன்னொரு சின்னத் தொல்லை. 0.5க்குக் கீழ் என்று குறியோடு வருகிற ரிசல்ட்டை எண்ணாக மாற்றச் சொன்னால் காலியாகிவிடும், கோடு பாதியில் அறுந்து நிற்கும். அவற்றை அந்த 0.5இலேயே உள்ளீடற்ற வட்டமாக வைத்தேன்.

சராசரிப் படத்தை முழுக்கத் தூக்கி எறியவில்லை, பலர் கேட்கிறார்கள். ஆனால் இப்போது அச்சுக்குக் கீழே ஒவ்வொரு வாரமும் எத்தனை பேர் மிச்சம் என்ற எண் வரிசை இல்லாமல் அதை வெளியே விடுவதில்லை. ஏஎல்டி ஏறியவர்கள் மருந்தை நிறுத்திவிட்டு ஆய்விலிருந்தே போய்விடுகிறார்கள், கடைசி வாரங்களில் இருப்பவர்கள் தாக்குப்பிடித்தவர்கள், கோடு சாதுவாக இறங்குகிறது. மருந்து பழகிவிட்டது என்று அதைப் பார்த்து யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் முதலில் அப்படிச் சொன்னவன் நான்.

கடைசியில் வந்து நின்றது இரண்டு வகைப் பக்கங்கள். முதல் பக்கம் எல்லாருக்கும் சேர்த்து, இடிஷ் என்று சொல்வார்களே, அந்தப் புள்ளிப் படம்: ஒவ்வொருவருடைய உச்ச ஏஎல்டி கிடைமட்டமாக, உச்ச பிலிருபின் செங்குத்தாக, 3 மடங்கிலும் 2 மடங்கிலும் கோடுகள். வலது மேல் மூலையில் விழுகிறவர்களைத்தான் ஹைஸ் விதிக்காக (இரண்டும் சேர்ந்து ஏறினால் கல்லீரலுக்குப் பெரிய ஆபத்து என்ற விதி) தோண்டிப் பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் படத்தில் காலமே இல்லை. ஏஎல்டியின் உச்சம் 30ஆம் நாளிலும் பிலிருபினின் உச்சம் 150ஆம் நாளிலும் வந்திருந்தாலும் ஒரே புள்ளிதான். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் அந்த ஆளுக்கான தனிப் பக்கம்: ஏஎல்டி, ஏஎஸ்டி (கல்லீரலிலும் தசையிலும் இருக்கும் நொதி), ஏஎல்பி (பித்த அடைப்பில் கூடும் நொதி), பிலிருபின் நான்கும் ஒன்றின் கீழ் ஒன்றாக, எல்லாவற்றுக்கும் ஒரே நாள் அச்சு, அடியில் மருந்து சாப்பிட்ட நாட்களுக்கு ஒரு பட்டை, நிறுத்திய இடத்தில் பட்டை முடியும். சென்ட்ரல் லேப் அளவு நிறைந்த வட்டம், லோக்கல் லேப் முக்கோணம். சிவப்பு, பச்சையை ஜோடியாகப் போடவில்லை, பிரித்தறிய முடியாதவர்கள் எந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். மருந்துக் குழுவுக்கு என்று நிறமே கொடுக்கவில்லை, மறைப்பு உடையும் வரை புரோகிராமைப் பொய்க் குழு எண்களோடுதான் ஓட்டிப் பார்த்தோம்.

நம் 67ஆம் நாள்காரருடைய பக்கத்தில் ஏஎல்டி மலை மாதிரி ஏறி, பட்டை முடிந்த இடத்திலிருந்து இறங்கியது. ஏஎல்பி அசையவில்லை. ஏஎல்டி இறங்கத் தொடங்கிச் சில நாள் கழித்துத்தான் பிலிருபின் மெதுவாக ஏறி, 2 மடங்குக் கோட்டைத் தொடாமல் திரும்பியது. மருத்துவர் அந்தப் பக்கத்தில் ரொம்ப நேரம் இருந்தார். "இப்ப தெரியுது" என்று மட்டும் சொன்னார்.

பிறகு பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனவர் வேறொருவரிடம் நின்றார். ஏஎஸ்டி ஆறு மடங்கு, ஏஎல்டி இரண்டைக்கூட எட்டவில்லை. "இவருக்கு சிகே எவ்வளவு?" என்றார். சிகே என்பது தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் நொதி, என் படத்தில் அது இல்லை. அன்று சாயங்காலமே ஐந்தாவது கட்டமாக அதைச் சேர்த்தேன். ஏஎஸ்டி ஏறிய அதே நாளில் சிகேயும் செங்குத்தாக ஏறியிருந்தது, இரண்டும் ஒரு வாரத்துக்குள் இறங்கிவிட்டன. கல்லீரல் இல்லை, தசை. ஆய்வு மைய ஊழியர்களிடம் விசாரித்தபோது அந்த வாரம்தான் அவர் ஜிம்மில் சேர்ந்திருந்தார் என்று தெரிந்தது.