மூன்று இரவுகள் அலைக்கழித்த 3.3 வோல்ட்

நேற்று இரவு பதினொன்றே முக்காலுக்குக் கீசர் பிளக்கில் டாஸ்மோட்டா ஏறிவிட்டது. தயாரிப்பாளர் வைத்த மென்பொருளுக்குப் பதிலாக, வெளி சர்வர் இல்லாமலேயே பிளக்கை இயக்கும் இலவச மென்பொருள் அது. மூன்று இரவுகள் இதற்கே போயின. கோளாறு மென்பொருளிலும் இல்லை, கம்பியிலும் இல்லை, பற்றவைப்பிலும் இல்லை. சிப்புக்கு மின்சாரம் போதவில்லை. இதே இடத்தில் சிக்கி நிற்பவர்களுக்காக விரிவாக எழுதுகிறேன்.

இது 16 ஆம்பியர் வைஃபை பிளக். உள்ளே இ.எஸ்.பி.8285 என்ற வைஃபை சிப். இரண்டு வருடமாக எங்கள் 2000 வாட் கீசரை இதுதான் இயக்கிவந்தது. போன மாதம் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், வீட்டுச் சாதனங்கள் கேட்கும் இணைய முகவரிகளைக் காட்டும் பை-ஹோலை நிறுவிய பிறகுதான் இதன் நடமாட்டம் கண்ணில் பட்டது. வீடே உறங்கும் நேரத்திலும் வெளியிலுள்ள ஏதோ ஒரு சர்வரின் முகவரியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தது. "கீசர் எப்போது ஓடுகிறது என்று தெரிந்தால் ஒருத்தனுக்கு என்ன கிடைக்கப்போகிறது?" என்று அப்பா கேட்டார். "நம் வீட்டு எதிரில் ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, நாம் எத்தனை மணிக்கு எழுகிறோம், எந்த நாள் குளிக்கவே இல்லை, எந்த வாரம் ஊருக்குப் போனோம் என்று தினமும் எழுதிக்கொண்டிருந்தால் சும்மா விடுவீர்களா, அப்பா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் கம்பிகளைப் பரப்பினாலும் அவர் ஒன்றும் சொல்வதில்லை.

இனி சிக்கிய இடத்துக்கு வருகிறேன். கணினி சிப்போடு பேச ஒரு யு.எஸ்.பி. சீரியல் பலகை; அதிலிருந்து பிளக்குக்கு ஆர்.எக்ஸ். (தரவு வாங்க), டி.எக்ஸ். (தரவு அனுப்ப), கிரவுண்ட், 3.3 வோல்ட் என நான்கு கம்பிகள். சிப்பை எழுதும் நிலைக்குக் கொண்டுபோகும் ஜி.பி.ஐ.ஓ. 0 காலுடன் பிளக்கின் பொத்தானே இணைந்திருந்ததால் அதை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால் போதும். சிப் உடனே பதில் சொன்னது. அடையாள எண் வந்தது, பழையதை அழிக்கச் சொன்னால் அழித்தது. எழுதத் தொடங்கினால் மட்டும் முப்பது விழுக்காட்டில் ஒருமுறை, அறுபதில் ஒருமுறை, பன்னிரண்டில் ஒருமுறை என்று நின்றது. எழுதும் வேகத்தை நொடிக்கு 115200 பிட்டிலிருந்து குறைத்தேன். கம்பியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டினேன். 8285-இன் நினைவகத்துக்கு டி-அவுட் என்ற எழுதும் முறைதான் வேண்டும் என்பதால் அதையும் சரிபார்த்தேன். பற்றவைத்த நான்கு புள்ளிகளையும் பிரித்து மறுபடி வைத்தேன். மல்டிமீட்டரில் பார்த்தால் 3.28 வோல்ட் அசையாமல் நிற்கிறது. அந்த 3.28-ஐ நம்பித்தான் இரண்டு இரவுகளை இழந்தேன்.

மீட்டர் காட்டுவது சராசரி. நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மட்டும் விழுந்து எழும் வோல்டேஜ் அதன் கண்ணில் படாது. என்னிடமிருந்த யு.எஸ்.பி. சீரியல் பலகையில் எஃப்.டி.232 சிப் இருக்கிறது. அதன் 3.3 வோல்ட் காலிலிருந்து 50 மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம் என்று அதன் தரவுத்தாளிலேயே இருக்கிறது. இ.எஸ்.பி.யோ வைஃபை அலைபரப்பும் கணத்தில் 300 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். எழுதும்போதுகூட 50 போதாது. மூன்றாம் இரவு, ஏ.எம்.எஸ்.1117 ரெகுலேட்டர் ஒன்றுக்குத் தனியாக 5 வோல்ட் கொடுத்து, வெளிவரும் 3.3-ஐ நேரே பிளக்கின் பலகைக்குக் கொண்டுபோனேன். திடீர் இழுப்பைத் தாங்க, குறுக்கே 470 மைக்ரோ ஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்று. சீரியல் பலகையிலிருந்து ஆர்.எக்ஸ்., டி.எக்ஸ்., கிரவுண்ட் மட்டும். கிரவுண்டை மறந்தால் எதுவும் பேசாது. முதல் முயற்சியிலேயே நூறு விழுக்காடு!

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும்: சீரியல் கம்பி மாட்டியிருக்கும்போது பிளக்கைச் சுவரில் செருகாதீர்கள். இவ்வகைப் பிளக்குகளில் உள்ளே இருக்கும் கிரவுண்ட் 230 வோல்ட் வழியோடு நேரடித் தொடர்பில் இருக்கும். கணினியும் போகும், கையும் போகும்.

முதல் இரவு, அழிப்பதற்கு முன்பே பழைய மென்பொருளை அப்படியே நகலெடுத்து வைத்தேன். ஒரு மெகாபைட்தான், ஒன்றரை நிமிடத்தில் வந்துவிட்டது. அந்தக் கோப்பில் படிக்கக்கூடிய எழுத்துகளை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தபோது எங்கள் வீட்டு வைஃபையின் பெயர் இருந்தது, அதற்கு அடுத்த வரியிலேயே கடவுச்சொல்லும் இருந்தது. எந்தப் பூட்டும் இல்லை, வெறும் எழுத்தாக. போன வருடம் இதே வகைப் பிளக் ஒன்று பழுதாகி, பழைய இரும்புக் கடைக்குப் போட்டேன். அதிலும் இப்படித்தான் இருந்திருக்கும். அன்றிரவே கடவுச்சொல்லை மாற்றிவிட்டுத்தான் படுத்தேன். பழுதான வைஃபை சாதனம் எதையும் இனி சிப்பை உடைக்காமல் வெளியே விடமாட்டேன்.

டாஸ்மோட்டா வெளியே பேசுவது பெரும்பாலும் நேரம் கேட்பதற்காக மட்டுமே. அதையும் ராஸ்பெர்ரி பைக்கே திருப்பிவிட்டேன். நேரம் தேவையே இல்லை என்று நிறுத்திவிட முடியாது. பிளக்குக்குள் பேட்டரிக் கடிகாரம் கிடையாது; மின்சாரம் போய் வந்தால் அதற்கு மணி தெரியாது, ஐந்தரைக்குப் போட வேண்டிய கீசரைப் போடாது. எங்கள் தெருவில் வாரத்துக்கு இரண்டு முறையாவது மின்தடை உண்டு.

ரெகுலேட்டரைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். சிறு பலகையில் பொருத்தியதாகவே கேளுங்கள், வெறும் சிப்பாக வாங்கினால் கெப்பாசிட்டர்களை நாமே சேர்க்க வேண்டும். இப்போது வரும் பல பிளக்குகளில் இ.எஸ்.பி.க்குப் பதில் பி.கே.7231 சிப் இருக்கிறது. அதில் டாஸ்மோட்டா ஏறாது, அதைப் போன்ற ஓப்பன்பீக்கன் என்ற மென்பொருள் ஏறும். சமையலறைப் பிளக்கில் அந்த பி.கே. சிப்தான் இருக்கிறது, அடுத்து அதைத் திறக்கப்போகிறேன்.

கீசர் பிளக்கிலேயே இன்னும் ஒரு வேலை பாக்கி. வாட் அளவு தப்பாகக் காட்டுகிறது, 60 வாட் குண்டு பல்பை மாட்டி அளவுதிருத்த வேண்டும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. நான்கு எலெக்ட்ரிக்கல் கடைகளில் குண்டு பல்பு இல்லை என்றார்கள். கடைசியில் கோழித் தீவனக் கடையில் கிடைத்தது, குஞ்சுகளுக்குச் சூடு வைக்க அவர்கள் இன்னும் விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறேன். அதுவரை அம்மா கீசரைச் சுவர் சுவிட்சிலேயே போட்டுக்கொள்கிறார்.