“புத்தி இருக்கிறது, மனசுதான் வைப்பதில்லை” என்று சொல்லும் பெற்றோருக்கு

எழுதப் படிக்கத் தடுமாறும் பிள்ளையை அழைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வரும் பெற்றோரில் பலர், அவன் திறமையைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். திருச்சியில் சிறப்புக் கல்வி ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இதைக் கேட்டு வருகிறேன். கிரிக்கெட் வீரர்களின் ஓட்டக் கணக்கையெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறான், ஒருமுறை போன ஊருக்கு அடுத்த முறை அவனே வழி காட்டுகிறான், வீட்டில் மின்விசிறி நின்றுவிட்டால் அவன்தான் முதலில் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்க்கிறான் என்று பெருமையோடு அடுக்கிக்கொண்டே போவார்கள். அந்தப் பெருமை அடுத்த வாக்கியத்திலேயே குற்றச்சாட்டாகத் திரும்பிவிடும். “இவ்வளவு புத்தி இருக்கிறவனுக்கு நாலு வரி தப்பில்லாம எழுத வராதா மிஸ்? மனசு வைக்கிறதில்ல, அவ்வளவுதான்.”

கற்றல் குறைபாட்டைப் பற்றி நம் வீடுகளில் நிலவும் எண்ணத்தின் மையம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கண் தெரியாத பிள்ளையைப் பார்த்து ‘ஏன் பார்க்கவில்லை’ என்று எந்தத் தாயும் கோபித்துக்கொள்வதில்லை. கேட்கும் திறனோ அறிவுத்திறனோ குறைந்த பிள்ளையிடமும், ஏற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆனாலும், கடைசியில் பெற்றோரின் மனம் இளகிவிடுகிறது. கற்றல் குறைபாடுகளில் ஒன்றான, வாசிப்பையும் எழுத்தையும் பாதிக்கும் டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு அந்த இரக்கம் எளிதில் கிடைப்பதில்லை. அவனுடைய அறிவே அவனுக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது. வாயால் பாடத்தை அழகாகச் சொன்னவன் அதையே தாளில் எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கும்போது, பார்ப்பவர்களுக்கு அது இயலாமையாகத் தெரியாமல் பிடிவாதமாகவும் சோம்பலாகவும் சில வேளைகளில் திமிராகவுமே தெரிகிறது. நேற்று சரியாக எழுதிய சொல்லை இன்று தவறாக எழுதினால் சந்தேகம் உறுதியாகிவிடுகிறது. நாளுக்கு நாள் மாறும் இந்த ஏற்றத்தாழ்வு இக்குறைபாட்டின் இயல்பு என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வதற்கு முன்பே, பல வீடுகளில் பிரம்பு பேசி முடித்துவிட்டிருக்கும்.

இந்த முரண்பாடு உலகத்துக்குப் புதிதன்று. 1896ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு குறிப்பை எழுதினார். ஏழு வயது முதல் பள்ளியிலும் தனி ஆசிரியர்களிடமும் படித்தும் அவனுக்கு வாசிக்க வரவில்லை. தன் பெயரான பெர்சி என்பதைக்கூட எழுத்துகளை இடம் மாற்றி எழுதினான். பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாகவும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்திருக்கும் இச்செய்தி, நம் ஊரில் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் வீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதே என் ஆதங்கம்.

டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு எழுத்துகள் தலைகீழாகத் தெரிகின்றன என்று பலர் நம்புகிறார்கள்; அது கண்ணின் கோளாறு அன்று. பேசும் சொல்லைச் சிறு ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஒலியையும் உரிய எழுத்தோடு விரைவாக இணைக்கும் வேலையில்தான் பெரும்பாலும் சிக்கல் இருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டுப் பழக்கத்தில் தானாக வந்துவிடும் இந்த இணைப்பு, இவர்களுக்கு ஒவ்வொரு முறையும் உழைத்துப் பெற வேண்டியதாக இருக்கிறது. ஒரு பத்தியை வாசித்து முடிப்பதற்குள் களைத்துப்போய்விடுகிறார்கள். பத்தியின் பொருளை மனத்தில் வாங்கிக்கொள்ளத் தெம்பு மிச்சமிருப்பதில்லை. மாலையில் வீட்டுப்பாடம் என்றதும் வயிற்றுவலி வருவதும், பென்சிலைச் சீவிக்கொண்டே அரைமணி நேரத்தைக் கடத்துவதும் இந்தக் களைப்பின் வெளிப்பாடுகள். எழுதுவதில் மட்டும் சிக்கல் உள்ள பிள்ளைகளும், எண்களில் மட்டும் தடுமாறும் பிள்ளைகளும் உண்டு. கணக்கு வராத பிள்ளைகளைத்தான் பெற்றோர் மிகவும் தாமதமாக அழைத்து வருகிறார்கள், ஏனென்றால் கணக்கு யாருக்குத்தான் எளிதாக வந்தது என்று குடும்பமே சமாதானம் சொல்லிக்கொள்கிறது.

ஆங்கிலத்தில் தடுமாறினால் பெற்றோர் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலவழிப் பள்ளி, வீட்டில் பேசுவதற்கு ஆளில்லை, போகப் போகச் சரியாகும் என்று தங்களைத் தேற்றிக்கொள்கிறார்கள். தமிழ் எழுதுவதில் தவறினால் அந்தப் பொறுமை காணாமல் போகிறது. தாய்மொழி எப்படி வராமல் போகும் என்று கேட்கிறார்கள். பேசும் தமிழ் அவனுக்கு நன்றாகவே வருகிறது. எழுதும் தமிழ்தான் வேறொரு கல்வியாக முன்னே நிற்கிறது. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, அதன் ஒலியோ ககரத்துக்குப் பின்னால் கேட்கிறது. ‘கொ’வுக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். கடல், தங்கம், அகம் ஆகிய மூன்று சொற்களிலும் எழுத்து ஒன்றாக இருக்க, ஒலி மூன்றாகிறது. ‘ந, ன, ண’ வேறுபாடும் ‘ல, ள, ழ’ வேறுபாடும் பல வீடுகளின் பேச்சில் மங்கிவிட்டன. காதில் விழாத வேறுபாட்டை அவன் கையில் எழுதிக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ‘சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று நீண்டுகொண்டே போகும் சொல்லை எங்கே பிரிப்பது என்று தெரியாமல், முதல் இரண்டு எழுத்துகளைப் பார்த்து மீதியை ஊகித்துப் படிக்கிறான். ‘கண்டதைப் படிக்கிறான்’ என்று திட்டு விழுகிறது. மற்றப் பிள்ளைகள் ஏறிக் கடந்துவிடும் மேடு இது. இவனுக்கு இது ஏன் மலையாகிறது என்பதைக் காட்ட, அவனுடைய தமிழ் நோட்டையே பெற்றோர் முன்னால் விரித்து வைத்து, ஒவ்வொரு பிழையும் எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லிக்கொண்டு வருவேன். பிழைகளுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்ட பிறகுதான் பல தந்தையர் முதன்முறையாக நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

என்னிடம் வருவதற்கு முன்பு அவர்கள் கடந்து வரும் வழி ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். முதலில் டியூஷன், பிறகு அதைவிடக் கண்டிப்பான டியூஷன். வல்லாரை மாத்திரை வாங்கித் தருகிறார்கள். செட்டிபுண்ணியம் ஹயக்ரீவர் சன்னிதியிலும் கூத்தனூர் சரஸ்வதி கோயிலிலும் பேனாவையும் நோட்டையும் வைத்து வணங்குகிறார்கள். வேண்டுதலை நான் ஒருபோதும் குறை சொல்வதில்லை. பிள்ளைக்காக எதையும் செய்யத் துணிந்த மனத்தின் அடையாளம் அது. அந்த டியூஷன்களைப் பற்றித்தான் எனக்கு வருத்தம். பள்ளியில் பலன் தராத அதே முறையில், அதே வேகத்தில், மாலை ஆறு மணிக்கு மேல் மீண்டும் ஒருமுறை நடத்துவதால் பிள்ளைக்குக் கிடைப்பது விளையாட்டு நேரத்தின் இழப்பு மட்டுமே. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியிருந்ததால்தான் இப்படி ஆகிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். அந்த இடைவெளி உண்மையானது. அதை நிரப்பவே தமிழக அரசு 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. கற்பிக்கப்படாததால் வராத வாசிப்பு, முறையாகக் கற்பித்தால் வந்துவிடும். உடன்படிப்பவர்கள் எல்லோரும் மீண்டெழுந்த பிறகும் ஒரு பிள்ளை அங்கேயே நின்றால், சோதித்துப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

குடும்பத்துக்குள் பழி பெரும்பாலும் தாயின் மீதுதான் விழுகிறது. ‘நீ கொடுத்த செல்லம்’ என்ற ஒரு வரியில் மாமியாரும் கணவரும் கணக்கை முடித்துவிடுகிறார்கள். உண்மையில் டிஸ்லெக்ஸியா பெருமளவு மரபுவழி வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. இதைச் சொல்லும்போது அறையில் ஏற்படும் மாற்றத்தை நான் கவனித்திருக்கிறேன். சில தந்தையர், ‘நானும் இப்படித்தான், எட்டாம் வகுப்போடு நின்றேன், இன்று கடை நடத்தவில்லையா’ என்று சொல்லிச் சோதனையே வேண்டாம் என்கிறார்கள். வேறு சிலர் தாங்கள் வாங்கிய அடிகளை நினைத்துப் பார்த்து மௌனமாகிவிடுகிறார்கள். பிள்ளையிடம் மிகக் கடுமையாக நடந்துகொள்ளும் தந்தையருள் சிலர், தம்முடைய பழைய அவமானம் பிள்ளைக்கு வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் கை ஓங்குகிறார்கள் என்பது என் எண்ணம். அந்தப் பயத்தைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டால், அவர்களே பிள்ளைக்கு மிகப் பெரிய துணையாகிவிடுகிறார்கள். அவன் படும் பாட்டை வீட்டில் அவர்களைவிட நன்றாக அறிந்தவர் வேறு யார்?

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் சத்தம் போடுகிற, நோட்டைக் கிழிக்கிற பையன் சீக்கிரம் கண்ணில் படுகிறான். பெண்ணோ அமைதியாக உட்கார்ந்து, கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விடுகிறாள். ‘நல்ல பிள்ளை, படிப்புதான் சுமார்’ என்று அவளை விட்டுவிடுகிறோம். ஐயம் எழுந்த பிறகும் சான்றிதழ் வேண்டாம் என்று பெற்றோர் தயங்குவது பெண்ணின் விஷயத்தில்தான் அதிகம். நாளைக்குக் கல்யாணப் பேச்சில் யாராவது இதை எடுத்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். அந்தக் கவலையை நான் சிறுமைப்படுத்துவதில்லை. ஆனால் பத்தாம் வகுப்பில் தோற்று வீட்டில் உட்காரும் பெண்ணின் கல்யாணப் பேச்சும் எளிதாக இருந்துவிடுவதில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் பெற்றோருக்குத் துணையாகத்தான் இருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை இருபத்தொன்றாக விரித்து, டிஸ்லெக்ஸியா போன்ற ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும்’ சேர்த்தது. அவற்றை இளமையிலேயே கண்டறிந்து உரிய முறையில் கற்பிப்பது கல்வி நிலையங்களின் கடமை என்றும் அச்சட்டம் சொல்கிறது. சோதனை என்றவுடன் பெற்றோர் ஏதோ மூளையைப் படம் பிடிப்பார்கள் என்று பயப்படுகிறார்கள். கண்ணும் காதும் நன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள், அறிவுத்திறனை அளப்பார்கள், பிறகு வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைக் கொண்டு மதிப்பிடுவார்கள். 2018இல் மத்திய அரசு வகுத்த முறைப்படி எட்டு வயதிலிருந்து சான்றிதழ் பெறலாம். பதினான்கிலும் பதினெட்டிலும் மறுபடி மதிப்பிட வேண்டும். சான்றிதழ் இருந்தால் தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் கிடைக்கும். இவற்றுக்காகப் பத்தாம் வகுப்பின் ஜனவரி மாதத்தில் ஓடிவரும் பெற்றோரைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. சலுகை தேர்வைக் கடக்க உதவும். வாசிப்பைச் சலுகை கற்றுத் தராது. ஒலியைப் பிரித்துக் காட்டி, எழுத்தைத் தொட்டும் எழுதியும் சொல்லியும் பழக்கும் பயிற்சிக்கு ஆண்டுகள் தேவைப்படும். 1990களின் தொடக்கத்திலிருந்து சென்னையில் இயங்கிவரும் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் இப்பயிற்சியை வளர்த்து, ஆசிரியர்களுக்கும் கற்றுத் தந்திருக்கின்றன.

சான்றிதழ் கைக்கு வந்ததும் சில பெற்றோரின் பார்வை மறுகோடிக்குப் போய்விடுவதையும் கண்டிருக்கிறேன். நேற்றுவரை அடித்தவர்கள் இன்றிலிருந்து எதையும் கேட்பதில்லை. ‘பாவம், அவனால் முடியாது’ என்று அவன் பையை அவர்களே அடுக்குகிறார்கள், கடைக்குப் பொருள் வாங்கப் பட்டியல் எழுதச் சொல்வதையும் நிறுத்திவிடுகிறார்கள். அடியைவிட இது மென்மையாகத் தோன்றலாம். பிள்ளைக்கு இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. அவன் அறிவுக்குத் தீனி குறையக் கூடாது. அவனால் வாசிக்க முடியாத புத்தகத்தை யாராவது அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அதைப் பற்றி அவனோடு விவாதிக்க வேண்டும், வீட்டின் முடிவுகளில் அவனுடைய யோசனையைக் கேட்க வேண்டும். வாசிப்புப் பயிற்சி நாளுக்கு இருபது நிமிடம் போதும். அது ஒரு நாளும் தவறக் கூடாது, அந்த இருபது நிமிடத்தில் யாரும் குரலை உயர்த்தவும் கூடாது.

எல்லாம் பேசி முடித்து எழும்போது, பெற்றோர் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்கள்: “இத அவன்கிட்ட சொல்லலாமா மிஸ்?” சொல்லத்தான் வேண்டும் என்பேன். தனக்கு ஏதோ சரியில்லை என்பது அவனுக்கு உங்களுக்கு முன்பே தெரியும். யாரும் காரணம் சொல்லாததால் ‘நான் மக்கு’ என்று அவனே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருப்பான். எழுத்தை ஒலியோடு சேர்ப்பதற்கு உன் மூளை வேறு வழியில் போகிறது, அதற்கு நேரம் கூடுதலாக ஆகிறது, அதற்கென்று தனிப் பயிற்சி இருக்கிறது, நீ சோம்பேறி இல்லை என்று எங்களுக்கு இப்போது தெரியும் என்று நேராகச் சொல்லுங்கள். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள். அண்ணன் தங்கை முன்னாலும் சொல்லுங்கள், தாத்தா பாட்டிக்கும் டியூஷன் ஆசிரியருக்கும் சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் அவன் நம்ப மாட்டான். இத்தனை ஆண்டு வேறொன்றைக் கேட்டு வளர்ந்தவன் அவன்; அடுத்த தேர்வில் மதிப்பெண் குறையும்போது நீங்கள் மறுபடியும் இதையே சொல்கிறீர்களா என்று காத்திருப்பான்.