கத்தாமல் கண்டக்டர் வேலை

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி வழியாகக் கிளாவரை போகும் பஸ்ஸில் நான் கண்டக்டர். குரல்நாணில் பாலிப் என்கிற சின்னக் கட்டி வந்து, மதுரையில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் ஆபரேஷனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது அதற்கப்புறம் பேசப் பழகின கதை.

மழைக்காலம் முழுக்கக் குரல் கரகரத்தது. முதலில் பார்த்த டாக்டர் சளி என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை தீர்ந்தது, கரகரப்பு தீரவில்லை. சாயங்கால ட்ரிப்பில் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வரும். கடைசியில் மதுரையில் காது மூக்கு தொண்டை டாக்டர் காமிரா விட்டுப் பார்த்தார். திரையில் வெள்ளையாக இரண்டு நாண், ஒன்றின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கொப்புளம். "ஆம்பளைக்குச் சாதாரணமாப் பேசும்போதே இது ரெண்டும் செகண்டுக்கு நூறு தடவைக்கு மேல மோதும். கத்துனா இன்னும் வேகமா, இன்னும் பலமா மோதும். நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

ஆபரேஷனில் வெளியே ஒரு கீறல்கூட இல்லை. மயக்கம் கொடுத்து, வாய் வழியாக இரும்புக் குழாய் விட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எடுத்துவிட்டார்கள். குழாய் அழுத்தியதில் நாக்கு கொஞ்ச நாள் மரத்துக் கிடந்தது. கட்டியைச் சோதனைக்கு அனுப்பி, பயப்பட ஒன்றுமில்லை என்று வந்த அன்றுதான் வீட்டில் எல்லாரும் ஒழுங்காகச் சாப்பிட்டோம்.

ஒரு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார்கள். கிசுகிசுக்கவும் கூடாதாம். மெதுவாகப் பேசுகிறோம் என்று நினைத்துக் கிசுகிசுக்கும்போது பலருக்குத் தொண்டை இறுகிக்கொள்கிறது. செருமுவதும் கெடுதல், ஒவ்வொரு செருமலுக்கும் நாண் இரண்டும் அறைந்துகொள்ளும். தொண்டையில் ஏதோ நிற்கிற மாதிரி இருந்தால் ஒரு வாய் தண்ணீர் விழுங்க வேண்டும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போனில் தட்டிக் காட்டிச் சமாளித்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்டியாப்பா? சாப்டுருப்ப. வலிக்குதா? வலிக்கத்தான செய்யும்" என்று எனக்கும் சேர்த்து அவரே பேசிக்கொண்டிருந்தார். அந்த வாரத்தில் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது அது ஒன்றுதான்.

பிறகு ஸ்பீச் தெரபிஸ்ட். அந்தம்மா கொடுத்த பயிற்சி ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு உறிஞ்சுகுழாயும். டம்ளரில் பாதி வெதுவெதுப்பான தண்ணீர். குழாயின் நுனி இரண்டு விரற்கடை முங்க வேண்டும். உதட்டை இறுக்கி மூடாமல், காற்று ஒழுகாமல், "ஊ" என்று ஊத வேண்டும். குமிழி ஒரே சீராக வந்தால் மூச்சு சீராக இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு முதலில் இரண்டு குமிழி வரும், நிற்கும், பொளக்கென்று நாலு வரும். தண்ணீர் காற்றை லேசாகத் திருப்பித் தள்ளுவதால் நாண்கள் பலமாக மோதாமல் அதிர்கின்றனவாம். ஒருநாள் உதட்டிலும் மூக்குத்தண்டிலும் குறுகுறுவென்று ஓர் அதிர்வு வந்தது. தொண்டையில் பாரமே இல்லை. "இதுதான். இந்த இடத்துலருந்து பேசுங்க" என்றார். ஊதி முடித்த கையோடு "ம்ம்ம்... மன்னவனூர்" என்று சொல்லவைத்தார். என் குரலைக் கேட்டு எனக்கே கண் கலங்கிவிட்டது.

இரைச்சலில் நமக்குத் தெரியாமலே குரல் ஏறிவிடும் என்பதையும் அவர்தான் விளக்கினார். எதியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே இதை எழுதியிருக்கிறார். கேட்டதும் எனக்கு எஞ்சின் சத்தம் ஞாபகம் வந்தது. பூம்பாறை ஏற்றத்தில் வண்டி உறுமும்போது பின் படியில் நின்றுகொண்டு முன் சீட்டுக்குக் குரல் கொடுக்கிறோமே, அங்கேதான் நாண் கிழிகிறது. பூண்டு மூட்டைக்கு லக்கேஜ் போடும்போது நடக்கிற வாக்குவாதம் அதற்கு மேல். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின மலைப்பூண்டு, விளைவிப்பவர்களுக்கு அதன் மேல் அவ்வளவு உரிமை, மூட்டைக்குக் காசு கேட்டால் கோபம் வரத்தான் செய்யும்.

மறுபடி டூட்டிக்கு வந்ததும் வேலை செய்கிற விதத்தை மாற்றிக்கொண்டேன். யாரிடம் பேச வேண்டுமோ அவர் பக்கத்திலேயே போய் நின்று பேசுகிறேன். நிறுத்த ஒரு விசில், கிளம்ப இரண்டு விசில், "ரைட்" என்று கத்துவதில்லை. விசிலுக்கு மூச்சு போதும், குரல்நாண் அசைய வேண்டாம். குளிரில் தாகமே தெரியாது என்பதால் பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு ஊருக்கு ஊர் ஒரு வாய் குடிக்கிறேன். ஸ்டாண்டில் ஊர்ப் பெயரைக் கூவுவது இப்போது டிரைவர் அண்ணன். "நீ சும்மா இரு தம்பி, எனக்குத் தெரியாத ஊரா" என்று அவரே எடுத்துக்கொண்டார். பூம்பாறையில் ஏறும் ஒரு பாட்டி, "கண்டக்டரு இப்பல்லாம் மரியாதையாப் பேசுறாரு" என்கிறார்.

உச்சத்துக்குப் போனால் குரல் இன்னும் பிசிறடிக்கிறது. மகள் பள்ளிக்கூடத்துப் பாட்டு பாடும்போது கூடச் சேர்ந்து பாட இன்னும் நாளாகும் போல. டம்ளரும் குழாயும் அடுக்களை ஜன்னலில் தினமும் இருக்கிறது.

இதைப் படிக்கிற கண்டக்டர்கள், வாத்தியார்கள், சந்தையில் கூவி விற்கிறவர்கள் யாருக்காவது மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால், மாத்திரையோடு நிறுத்தாமல் தொண்டை டாக்டரிடம் போய்க் காமிராவில் பார்த்துவிடுங்கள். சில நிமிஷ வேலைதான். போகும்போது துணைக்கு யாரையாவது கூட்டிப் போங்கள், டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்ள இன்னொரு காது வேண்டும்.