எச்சில் மேசை

ஜியோ பேபி இயக்கி 2021 ஜனவரியில் வெளிவந்த 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' என்னும் மலையாளப் படத்தை அண்மையில் மூன்றாம் முறையாகப் பார்த்தேன். முதல்முறை பார்த்தபோது, காய் நறுக்குவதும் பாத்திரம் துலக்குவதுமே திரும்பத் திரும்ப வருகின்றனவே என்று அலுத்துக்கொண்டேன். அந்த வேலைகளை ஒரு வாரம்கூடத் தொடர்ந்து செய்திராதவனுக்குத்தான் அப்படி அலுக்கும் என்பது உறைக்கச் சில நாட்கள் ஆயின.

படத்தில் புதுமணப்பெண் ஒருத்தி வாழப்போகும் வீட்டில் எவரும் கை ஓங்குவதில்லை. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைக் காட்டியிருந்தால், 'நான் அப்படியில்லை' என்று நிம்மதியாக எழுந்து போயிருப்பேன். இங்கே மாமனார் குரலை உயர்த்தாமலேயே சோற்றை விறகடுப்பில் வடிக்கச் சொல்கிறார். தம் துணிகளை இயந்திரத்தில் போட வேண்டாம் என்கிறார். எல்லாமே கனிவான வேண்டுகோள்களாக வருவதால், மறுத்துப் பேசினால் மருமகள்தான் முரடாகத் தோன்றுவாள்.

வீட்டில் மென்ற சக்கையை மேசைமேல் போட்டுவிட்டு எழுந்துபோகும் கணவன், உணவகத்தில் மிக நாகரிகமாகச் சாப்பிடுகிறான். வெளியே வந்தால் மேசைப் பழக்கம் தெரிகிறதே என்று மனைவி சிரித்துக்கொண்டே சொன்னதும் அவன் முகம் இறுகிவிடுகிறது. கடைசியில் அவள்தான் மன்னிப்புக் கேட்கிறாள். அவனுக்குத் தெரியாமலில்லை, தன் வீட்டில் அது தேவையில்லை என்று நினைக்கிறான். நான் பார்த்த திருமணப் படங்களில் ஆண் திமிரை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த காட்சி வேறில்லை.

சபரிமலை விரதமும் மாதவிலக்குத் தீட்டும் வரும் பிற்பகுதியைப் பற்றித்தான் பலரும் விவாதித்தார்கள். எனக்கென்னவோ அவற்றைவிட, ஒழுகும் கழுவுதொட்டியே அதிகம் உறுத்தியது. குழாய் பழுதுபார்ப்பவரை அழைக்கும்படி அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அவன் மறந்துகொண்டே இருக்கிறான். அழுக்குநீரில் நாளும் கை வைப்பவள் அவள் என்பதால் அவனுக்கு அது நினைவில் தங்குவதே இல்லை.

மூன்றாம் முறை பார்க்கும்போது பாதியில் வந்து அமர்ந்த அம்மா, முடியும்வரை எதுவும் பேசவில்லை. எழுந்து போகும்போது மட்டும் கேட்டார்: "ஏன்டா, அந்தக் குழாயைச் சரிபண்ண ஆள் வந்தானா, இல்லையா?"