ரெண்டும் ஒரே மரம்தானே?

நான் விறகு விற்கும் இடத்துக்கு வந்தவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "தம்பி, அந்த அடுக்குல இருக்கறதும் இந்தப் பையில இருக்கறதும் ஒரே மரம்தானே?"

"இல்லண்ணே, இது வேற" என்று சொல்லிவிட்டேன்.

வேறு இல்லை. ஒரே ஆப்பிள் மரம். அதன் நீளமான பிளப்புகள் அடுப்பு விறகாக அடுக்கில் இருந்தன. இறைச்சிக்கும் மீனுக்கும் புகை போடுவதற்கென்று நான் கையளவுக்கு அறுத்த துண்டுகள் பையில் இருந்தன. எடைக்கு எடை பார்த்தால் பைக்கு நான்கு மடங்கு விலை. அவர் வாதாடவில்லை. பணத்தைக் கொடுத்தார், அடுக்கை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், போய்விட்டார்.

உண்மையைச் சொல்லியிருந்தாலும் அந்த விலையை நியாயப்படுத்தியிருக்க முடியும் என்பதுதான் எரிச்சல். பகல் வேலையில் நான் விலைப்புள்ளி தயாரிப்பவன். எந்தச் செலவு எங்கே போகிறது என்று வரி வரியாகப் பிரித்துக் காட்டித்தான் சம்பளம் வாங்குகிறேன். இங்கேயும் வரிகள் இருக்கின்றன. அடுப்பு விறகைப் பிளந்து, காற்றுப் புக இடைவெளி விட்டு அடுக்கினால் மீதியை வெயிலும் காற்றும் பார்த்துக்கொள்ளும். புகைக்கட்டை அப்படி இல்லை. பூசணம் பிடித்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிய வேண்டும். செயின்சாவில், அதாவது சங்கிலி ரம்பத்தில், சங்கிலி வழுக்கி ஓட வழக்கமாக ஊற்றும் எண்ணெய் அறுத்த முகத்தில் படியும். சாப்பாட்டில் ஏறும் புகைக்கு அது ஆகாது என்று தாவர எண்ணெய்க்கு மாறினேன். ஒவ்வொரு அறுப்பிலும் 8 மில்லிமீட்டர் கனம் தூளாகக் கொட்டுகிறது. 8 சென்டிமீட்டருக்கு ஓர் அறுப்பு போட்டால் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு மரம் தரையில்தான்.

ஈரம் தனிக் கதை. விறகுக்கு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போதும். ஈரமானியை வெளிப்புறத்தில் குத்தினால் 14 என்று காட்டி ஆசை காட்டும். அதே கட்டையைப் பிளந்து உள்முகத்தில் குத்தினால் 23 வரும். பச்சைக் கட்டை வெள்ளையாகப் புகைந்து கசப்பை ஏற்றும். ரொம்பக் காய்ந்த சின்னத் துண்டோ பற்றிக்கொண்டு எரிந்து தீர்ந்துவிடும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் உடைந்து குவாயக்கால், சிரிங்கால் என்ற மணப்பொருள்களாகப் பிரியும்போதுதான் அந்த மணம் வருகிறது. அதற்குக் கட்டை கொழுந்துவிட்டு எரியாமல் கனன்று புகைய வேண்டும். இவ்வளவையும் அவரிடம் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

ஆனால் அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் உழைப்பு, கழிவு, பை எல்லாம் சேர்த்தும் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறவில்லை. மீதி ஒன்றரை மடங்கு எதற்கு? 'ஆப்பிள்' என்ற பெயருக்கு. பைன் மாதிரிப் பிசின் மரத்தைப் போட்டால் கரியும் கசப்பும் யாருக்கும் தெரிந்துவிடும், சரி. ஆனால் ஆப்பிள் புகைக்கும் செர்ரிப் புகைக்கும் கண்ணை மூடிக்கொண்டு என்னாலேயே வித்தியாசம் சொல்ல முடியவில்லை. சோதித்துப் பார்த்தேன்.

அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. பை விலை கூடுதல் இல்லை, அடுக்கின் விலைதான் குறைவோ? விறகில் என் சனிக்கிழமைகளை நான் கணக்கிலேயே சேர்த்ததில்லை. நன்றாகக் காய்ந்த எந்த மரமும் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரே சூட்டைத்தான் தரும் என்பதால் அங்கே பெயருக்குக் காசு கேட்கவும் முடியாது. குளிருக்கு விறகு வாங்குபவருக்கு மலிவாகக் கொடுத்து, ருசிக்கு வாங்குபவரிடம் ஈடுகட்டுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது. அதனாலேயே எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

'வேற' என்றால் வேலைப்பாடு வேறு என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன் என்றும் சில நாள் சமாதானம் செய்துகொண்டேன். அவர் கேட்டது மரத்தை.

அடுத்த மாதம் அவர் மறுபடி வந்தார். பைப் பக்கம் போகவே இல்லை. அடுக்கிலிருந்து ஆப்பிள் பிளப்பாகப் பார்த்து எடுத்து வைக்கச் சொன்னார். வேறு எதையும் கலக்க வேண்டாம் என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் அறுக்கப் போகிறார், செயினில் அந்த வழக்கமான எண்ணெயைத்தான் ஊற்றி வைத்திருப்பார். சொன்னால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சொல்லாவிட்டால் அந்த எண்ணெய் அவர் சாப்பாட்டில் ஏறும்.

பாதி ஏற்றிய பிறகு சொன்னேன். "அறுக்கறதா இருந்தா தாவர எண்ணெய் போட்டுக்குங்கண்ணே."

"அடுப்புக்குத்தானே தம்பி வாங்கறேன்?" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று பார்க்க நான் நிமிரவில்லை. எண்ணி முடித்த பிறகு நாலைந்து பிளப்பு கூடுதலாகப் போட்டேன். அவர் அதை எதற்கென்று கேட்கவில்லை.

பை விலையை இன்னும் மாற்றவில்லை.